நிக்கொலாய்க்கு ஒரு நாற்காலி

போன ஞாயிறு முழுவதும் டென்மார்க்கின் பிராண்டே நகரில் அண்ணா வீட்டுச் சாப்பாட்டு மேசையடியில் நின்று, ஒரு கைக்குழந்தையின் உடுப்புகளுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாவின் மகள் அடுத்த கிழமை குழந்தைகள் காப்பகத்துக்குப் போகத் தொடங்குகிறாள். தொப்பியிலிருந்து காலுறை வரை எல்லாவற்றிலும் பெயர் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தொலைவதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று காப்பகத்திலிருந்து கடிதம். மச்சாள் இணையத்தில் பெயர்த்துண்டுகள் வாங்கினார். துணியில் வைத்து அயன்பெட்டியால் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் வகை. வாங்குவதற்கு முன் அண்ணா கோல்டிங்கில் இருக்கும் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"எடியே, துண்டில பதினாறு எழுத்துத்தான் கொள்ளுமாம். பிள்ளையின்ர பேரையும் போட்டு தர்மலிங்கத்தையும் போட்டா இடம் காணாது. என்ன செய்யிறது?"

"நீங்களும் மச்சாளும் யோசியுங்கோவன். என்னை ஏன் கேக்கிறியள்?"

"பேர் விசயத்தில நீதானே வீட்டுக்குப் பெரிய ஆள்."

தர்மலிங்கம் எங்கள் அப்பா. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பிள்ளையின் பெயருக்கு முன்னால் தகப்பனின் பெயர், கலியாணம் கட்டிய பெண்ணுக்குப் புருசனின் பெயர், அவ்வளவுதான். ஒவ்வொரு தலைமுறையிலும் அது மாறவேண்டும். டென்மார்க்கில் பதிந்தபோது அப்பாவின் பெயர் குடும்பப் பெயர்ப் பெட்டிக்குள் விழுந்து அங்கேயே உறைந்துவிட்டது. அம்மா தர்மலிங்கம், அண்ணா தர்மலிங்கம், நான் தர்மலிங்கம், இப்போது பதினொரு மாதக் குழந்தையும் தர்மலிங்கம். உண்மையான தர்மலிங்கம் அண்ணா வீட்டுச் சோபாவில் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ர பேரைக் கொண்டுபோய் அந்தச் சின்னனின்ர மேசில ஒட்டுறியளோ?" என்றார் அப்பா. மேஸ் என்றால் காலுறை. "நல்ல மரியாதை!"

எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனால் தொலைபேசியில் என் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிச் சொல்லியே பாதி ஆயுள் போய்விட்டது போல இருக்கிறது. ஒரு காலத்தில் அதையும் உற்சாகமாகச் செய்தவள்தான். தர்மம் என்றால் என்ன, லிங்கம் என்றால் என்ன என்று பல்வைத்தியரின் உதவியாளருக்கு விளக்கம் வேறு கொடுத்திருக்கிறேன். இப்போது விளக்கமெல்லாம் இல்லை. கேட்டால் எழுத்தைச் சொல்கிறேன், பிழையாக எழுதினால் விட்டுவிடுகிறேன்.

அயன்பெட்டியை முதல் துண்டில் வைத்தபோது பசை உருகும் வாசம் வந்தது. பிளாஸ்டிக் போத்தலை அடுப்புக்குக் கிட்டே வைத்ததுபோல ஒரு வாசம். அதற்குள் கொஞ்சம் இனிப்பு. மச்சாள் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைத் திறந்தார். நான் அப்படியே நின்றேன். பத்து வருடங்களுக்கு முன் ஒரு வருடம் முழுக்க என் தலைமயிரில் இருந்த வாசம் அது.

பள்ளிக்கூடம் முடித்த டெனிஷ் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு முன் ஒரு வருடம் ஓய்வெடுப்பார்கள். என் வகுப்பில் ஒருத்தி பெருவுக்குப் போனாள், ஒருவன் நியூசிலாந்தில் பழம் பிடுங்கப் போனான். நானும் ஓய்வெடுக்கப் போவதாக வீட்டில் சொன்னேன். அம்மா இரண்டு நாளில் விபோர்க்கில் ஒரு சலவைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை பார்த்துவிட்டார். ஓய்வென்றால் அம்மாவுக்கு அதுதான்.

தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். சுற்றுவட்டார முதியோர் இல்லங்களின் படுக்கை விரிப்புகளும் உடுப்புகளும் அங்கேதான் வந்து வெளுத்துப் போகும். எனக்குத் தந்தது பெயர் அழுத்தும் இயந்திரம். ஒரு இல்லத்துக்குப் புதிதாக யாராவது வந்தால் அவருடைய சட்டை, பனியன், துவாய் எல்லாவற்றுக்கும் பெயரும் அறை இலக்கமும் அச்சடித்துச் சூட்டில் ஒட்டவேண்டும். மற்றவர்களுக்குச் சலிப்பான வேலை. எனக்கோ பத்தொன்பது வயது, எதைப் பார்த்தாலும் ஆராய்ச்சி செய்யும் நோய். ஒரே இல்லத்தில் நான்காம் அறையிலும் ஒரு கிர்ஸ்டன் யென்சன், பதினாலாம் அறையிலும் ஒரு கிர்ஸ்டன் யென்சன். நான்காம் அறையின் பூப்போட்ட இரவுச்சட்டையைப் பதினாலாம் அறைக்கு அனுப்பி, இரண்டு கிழவிகளையும் ஒரு கிழமை கோபக்காரராக்கினேன்.

யென்சன் என்றால் யென்ஸின் மகன். நீல்சன் என்றால் நீல்ஸின் மகன். இதைக் கண்டுபிடித்த நாளில் நான் மதிய இடைவேளையில் ஒவ்வொருவராகப் போய், "உங்கட அப்பாவின்ர பேர் யென்ஸோ?" என்று கேட்டேன். ஒருவருக்கும் இல்லை. யாரோ ஒரு பூட்டனோ அவருக்கும் பூட்டனோ யென்ஸாக இருந்திருக்கிறார். அவரோடு அந்தப் பெயர் நின்றுவிட்டது, பெண்களும் மகன் என்றே அழைக்கப்படுகிறார்கள். இவர்களுக்கும் எங்களைப்போல ஒரு காலத்தில் தகப்பன் பெயர்தான், உறைந்துவிட்டது என்று எனக்கு ஒரே குதூகலம். அவர்கள் ரொட்டியைக் கடித்தபடி தலையாட்டினார்கள்.

எனக்கும் நெஞ்சில் குத்த ஒரு பெயரட்டை தந்தார்கள். கணினிப் பட்டியலில் குடும்பப் பெயர் முதலில் வரும். அட்டையில் ஆறு லத்தீன் எழுத்துக்குத்தான் இடம். ஆகவே நான் 'தர்மா' ஆனேன். அப்பாவின் சிநேகிதர்கள் அப்பாவைக் கூப்பிடுவதும் தர்மா என்றுதான். என் கைத்தொலைபேசி உடைந்திருந்ததால் வேலையிடத்தில் அப்பாவின் இலக்கத்தைக் கொடுத்திருந்தேன். ஒரு வியாழக்கிழமை வேலைப்பகுதித் தலைவி லீனெ தொலைபேசி எடுத்து, "தர்மா, சனிக்கிழமை காலமை ஆறு மணிக்கு வர ஏலுமோ?" என்று கேட்டிருக்கிறாள். அப்பா தன் டெனிஷில், "தர்மாதான் கதைக்கிறன். ஓம், வாறன்," என்று சொல்லிவிட்டார். யாரோ வீடு மாறுகிறார்கள், சாமான் தூக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தாராம். சனிக்கிழமை ஐந்தரைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, "எங்க எண்டுதான் கேக்க மறந்திட்டன்," என்று கூடத்தில் நின்றார்.

நான் சொல்ல வந்தது வேறு. வேராவைப் பற்றி.

எனக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று விரிப்பு மடிப்பவர் வேரா. ஐம்பது தாண்டிய ரஷ்யப் பெண். பல வருடங்களுக்கு முன் பூஞ்செடித் தோட்டமொன்றில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். முதல் நாள் கையை நீட்டி, "வேரா நிக்கொலாயெவ்னா," என்றார். எனக்குப் பெரிய நிம்மதி. டென்மார்க்கில் முதலாளியையே வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும். ஆனால் அம்மாவின் வயதுப் பெண்ணைப் பார்த்து 'வேரா' என்று கூப்பிட என் நாக்கு எழும்பவில்லை. அக்கா என்றோ அன்ரி என்றோ அவரைச் சொல்லவும் முடியாது. அவரே இரண்டு பெயர் சேர்த்துத் தந்துவிட்டார். அந்த இரண்டாவது பெயர் மரியாதைக்குப் போதும்.

நான் "வேரா நிக்கொலாயெவ்னா" என்றால் அவர் உடம்போடு திரும்புவார். கையில் இருப்பதை வைத்துவிட்டு, "சொல்லு, தர்மலிங்கமொவ்னா," என்பார். அவர்கள் ஊரில் ஒன்றாக வேலை செய்பவர்கள் நெருக்கம் வந்தபின் சொந்தப் பெயரை விட்டுவிட்டு இரண்டாவது பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுவார்களாம். எனக்கும் ஒன்று செய்துதந்தார். அதை ஒரே மூச்சில் சொல்ல அவருக்கே முடியாது. லீனெ "வேரா!" என்று கூப்பிட்டால் மட்டும் திரும்பமாட்டார். இரண்டாம் முறை கூப்பிட்டால் தலை மெதுவாக அசையும். லீனெக்கு இருபத்துநாலு வயது. நல்ல பிள்ளை. வேராவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் இன்னும் சத்தமாகக் கூப்பிடுவாள்.

நிக்கொலாயெவ்னா என்றால் நிக்கொலாயின் மகள். ரஷ்யர்களுக்கு மூன்று துண்டுப் பெயர்: சொந்தப் பெயர், நடுவில் தகப்பனின் பெயர், கடைசியில் குடும்பப் பெயர். நடுத்துண்டு மகனென்றால் ஒரு மாதிரி முடியும், மகளென்றால் வேறு மாதிரி முடியும். பெரியவர்களை மரியாதையாகக் கூப்பிடும்போது முதல் இரண்டும் சேர்ந்து வரும். இதை உங்களுக்கு நான் ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். எனக்கு அது தெரியவர மூன்று மாதம் எடுத்தது; அந்த மூன்று மாதமும் நான் எல்லாம் தெரிந்தவள்போலத் திரிந்தேன். வேராவுக்கோ அந்த நடுப்பெயர்தான் எல்லாம். தொழிற்சாலை முழுவதிலும் அதைச் சொல்லிக் கூப்பிட்டது நான் ஒருத்திதான்.

மார்கழியில் கிறிஸ்துமஸ் நெருங்க நத்தார் விருந்து வந்தது. இங்கே எந்த வேலைத்தலத்திலும் அது ஒரு சடங்கு. பகல் ஒரு மணிக்குத் தொடங்கும், ஊறவைத்த ஹெரிங் மீனும் பொரித்த பன்றித்தோலும். அந்த வருடம் கணவன் மனைவியையும் கூட்டிவரலாம் என்றார்கள். மேசையில் யார் எங்கே இருப்பது என்று பெயரட்டை எழுதும் வேலையை நானே கையை உயர்த்தி வாங்கினேன். தங்க நிறப் பேனாவும் என் சொந்தக் காசில் வாங்கினேன்.

பட்டியலில் 'வேரா சொகொலோவா' என்று இருந்தது. நடுப்பெயர் அங்கே இல்லை. நான் மூளையைப் பாவித்தேன். என் அம்மா கலியாணத்துக்கு முன் கந்தையா ராணி. கட்டியபின் தர்மலிங்கம் ராணி. ஆகவே சொகொலோவா என்பது வேராவின் தகப்பன் வழி வந்தது, பதிவில் விடுபடாமல் நிற்கிறது. தன் வாயால் அவர் பெருமையாகச் சொல்கிற நிக்கொலாய் யார்? ஐம்பது தாண்டிய ஒரு பெண் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டு திரியும் ஆண் யாராக இருக்க முடியும்? எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

"வேராவுக்குப் புருசன் இருக்கிறாரோ?" என்று லீனெ கேட்டாள்.

"ஓம். நிக்கொலாய்."

"நீ கண்டிருக்கிறியோ?"

"இல்லை. பேரிலேயே இருக்கு," என்றேன். லீனெ என்னை மதிப்போடு பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

விருந்தன்று வேரா கருநீலச் சட்டையும் முத்துமாலையும் போட்டு வந்தார். தன் அட்டையைக் கண்டு சிரித்தார். பக்கத்து நாற்காலிக்கு முன்னால் இருந்த அட்டையை எடுத்து வாசித்தார். திரும்ப வாசித்தார். பிறகு அதை வைத்த இடத்திலேயே, வைத்த கோணத்திலேயே வைத்துவிட்டு அமர்ந்தார். வரவேற்புரையின் முடிவில் லீனெ மேசையின் மறுமுனையிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"எங்க எங்கட நிக்கொலாய்? நாங்கள் எல்லாரும் காணவேணும் எண்டு இருக்கிறம்!"

அறுபது முகம் திரும்பியது. வேரா என்னைப் பார்த்தார். என் விரல்களில் தங்க மை. அவருக்கு விளங்கிவிட்டது.

"நிக்கொலாய்க்குச் சுகமில்லை," என்றார் வேரா. "அதுதான் வரேல்லை."

"அய்யோ பாவம்!" என்றது மேசை. வேரா ஹெரிங் மீனை வெட்டிச் சாப்பிடத் தொடங்கினார். அந்த வெற்று நாற்காலிக்கு முன்னால் யாரோ பழக்கதோசத்தில் கிளாஸில் பியர் ஊற்றினார்கள். போகும்போது லீனெ ஒரு டப்பாவில் பன்றிப் பொரியலும் சிவப்பு முட்டைக்கோவாவும் நிறைத்து, "நிக்கொலாய்க்கு," என்று வேராவின் கையில் கொடுத்தாள். வேரா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை விரிப்பொன்றின் இரண்டு மூலையை அவர் பிடிக்க, மற்ற இரண்டை நான் பிடித்திருந்தேன். வேரா டெனிஷில் சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கித்தான் கதைப்பார்.

"பன்றிப் பொரியல் நல்லா இருந்தது, தர்மலிங்கமொவ்னா. என்ர அப்பாவுக்கும் பிடிச்சிருக்கும்."

"அப்பாவும் உங்களோடயோ இருக்கிறார்?"

"அவர் செத்து ஏழு வருசம். நீதானே அவருக்கு நாற்காலி போட்டனி."

என் கையிலிருந்த மூலைகள் விழுந்தன. வேரா குனிந்து எடுத்து மறுபடியும் என் கையில் தந்தார். அந்த விரிப்பை மடித்து அடுக்கினோம். அடுத்த விரிப்புக்குச் சொன்னார். அவருக்கு ஆறு வயதில் தாய் இறந்துவிட்டார். நிக்கொலாய் பாண் சுடும் தொழிற்சாலையில் அடுப்புக்காரர். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் அத்தனை தாய்மாருக்கு நடுவில் மா ஒட்டிய காற்சட்டையோடு ஒரே ஒரு ஆம்பிளை.

"அங்க ஆர் என்னைக் கூப்பிட்டாலும் அவரும் சேர்ந்து வருவார். டாக்குத்தர் கூப்பிட்டாலும் சரி, வங்கியில கூப்பிட்டாலும் சரி. இங்க நான் மட்டும்தான் போறன்."

"பாஸ்போட்டில இல்லையோ?"

"எங்கட எழுத்தில இருக்கு. இந்த ஊர் எழுத்தில எழுதின வரியில இல்லை. எல்லையில அப்பாவை இறக்கி விட்டிட்டினம்."

அவருக்கு அப்பா விழுந்துவிட்டார். எனக்கோ அப்பா மட்டும் மிஞ்சியிருக்கிறார், நெஞ்சில் ஆறு எழுத்து அட்டையாக. இதை நான் உடனே ஆர்வத்தோடு சொன்னேன், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. வேரா சிரித்தார் என்று நினைக்கிறேன்.

அன்றைக்குத்தான் கேட்டேன், அவருக்கு எத்தனை மகன்மார் என்று. இடைவேளையில் அவர் தொலைபேசியில் டீமா என்பார், மீத்யா என்பார், மீத்யென்கா என்பார். மூன்று பேர் என்றே நினைத்திருந்தேன். ஒருவன்தான். டிமித்ரி. டீமா என்பது எல்லாருக்கும், மீத்யா வீட்டுக்கு, மீத்யென்கா அவன் காய்ச்சலாகக் கிடக்கும்போது. முழுப்பெயர் டிமித்ரி இவானொவிச்.

"இவான் எண்டவர்..."

"விட்டிட்டுப் போன ஆள். மகனைக் கோவத்தில முழுப்பேர் சொல்லிக் கூப்பிட வேணுமெண்டா அந்த மனுசனையும் கூப்பிட வேண்டியிருக்கு. அதால நான் அவனோட கோவிக்கிறேல்லை."

வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு எல்லாம் சொன்னேன். அம்மா மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். நாற்காலிக் கதைக்குச் சிரித்தார். பிறகு கத்தியை வைத்துவிட்டு, "கலியாணம் கட்டியும் தேப்பன்ர பேரோட இருக்க விட்டிருக்கிறாங்கள் அந்த ஊரில," என்றார். "என்னைக் கந்தையா ராணி எண்டு கடைசியாக் கூப்பிட்டது ஆரெண்டே ஞாபகமில்லை." திரும்பவும் வெட்டத் தொடங்கினார். நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆராய்ச்சியில் எனக்கு அப்போது வேறு பிரச்சினை இருந்தது.

பிரச்சினை இதுதான்: நிக்கொலாய் தொழிற்சாலையில் உயிரோடு எழும்பிவிட்டார். வேலை முடிந்து போகும்போது ஒவ்வொருவரும் வேராவிடம், "ஹில்ஸ் நிக்கொலாய்!" என்றார்கள். நிக்கொலாயிடம் நாங்கள் விசாரித்ததாகச் சொல் என்று அர்த்தம். அன்பாகத்தான் சொன்னார்கள். தை மாதத்தில் அது பகிடியும் சிரிப்புமாகிவிட்டது. வேரா யாருக்கும் காட்டாத ஒரு புருசனைப் படுக்கையில் வைத்துப் பார்க்கிறார் என்பது மாதிரி. நான் "வேரா நிக்கொலாயெவ்னா" என்று கூப்பிட்டால் பக்கத்து மேசையிலிருந்து யாராவது, "நிக்கொலாய்க்கு இப்ப எப்பிடி?" என்பார்கள். நான் கூப்பிடும் ஒவ்வொரு முறையும்.

ஒருநாள் துணிந்து லீனெயிடம் போனேன். பிழை என்னுடையது என்ற ஒரு வசனம் போதும். ஆனால் அந்த வசனத்துக்கு முன் எனக்கு ஒரு முன்னுரை தேவைப்பட்டது. ரஷ்யப் பெயர்களில் மூன்று துண்டு என்று தொடங்கினேன். மகனுக்கு ஒரு முடிவு, மகளுக்கு ஒரு முடிவு. குடும்பப் பெயர்கூட ஆணுக்கு சொகொலோவ், பெண்ணுக்கு சொகொலோவா. யென்சனைத் தொட்டேன், தர்மலிங்கத்தைத் தொட்டேன். லீனெ சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"நல்ல சுவாரசியம்," என்றாள். "அப்ப புருசன்ர பேர் நிக்கொலாய் இல்லையோ? என்ன பேர்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். புருசன் இல்லை என்று சொன்னால் வேரா பொய் சொன்னவராவார், நான் முட்டாளாவேன். "அது கொஞ்சம் சிக்கல்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். முட்டாளாவதற்குத்தான் அதிகம் பயந்தேன் என்று இப்போது தெரிகிறது.

சொல்ல முடியாததைச் செய்துகாட்டலாம் என்று நினைத்தேன். என் கையில் இயந்திரம் இருந்தது. ஒரு காலை, வேலை தொடங்குவதற்கு முன்பே போய், வெள்ளைத் துண்டொன்றில் இரண்டு பெயரையும் அச்சடித்தேன்: வேரா நிக்கொலாயெவ்னா. அவருடைய வேலை மேலங்கியின் நெஞ்சில் வைத்துச் சூட்டில் அழுத்தினேன். நேராக, ஒரு மூலைகூடக் கிளம்பாமல். என் வாழ்க்கையிலேயே திறமான ஒட்டு. வேரா அதைப் போட்டுக்கொண்டு, குனிந்து தலைகீழாக வாசித்தார். விரலால் தடவிப் பார்த்தார். "இப்ப எல்லாரும் வாசிக்கலாம்," என்றார்.

எல்லாரும் வாசித்தார்கள். ஒன்பது மணி இடைவேளையில் லீனெ கேக் வெட்டிக்கொண்டு வந்தாள்.

"வேரா! கடைசியிலே புருசன்ர பேரை எடுத்திட்டியே! வாழ்த்துக்கள்!"

கை தட்டினார்கள். வேரா கேக்கைச் சாப்பிட்டார். மதியத்துக்குப் பிறகு என் இயந்திரத்தடிக்கு வந்து, மேலங்கியைக் கழற்றித் தந்தார்.

"கழட்டு, பிள்ளை."

தர்மலிங்கமொவ்னா என்று சொல்லவில்லை. நான் துண்டின் மூலையைச் சூடாக்கிச் சிறிய கத்தியால் உரித்தேன். துண்டு வந்துவிட்டது, பசை வரவில்லை. நெஞ்சில் நீள்சதுரமாக ஒரு பிசுபிசுப்பு. அதில் அன்று மாலைக்குள் தும்பெல்லாம் ஒட்டிச் சாம்பல் நிறமாகிவிட்டது.

"நான் லீனெட்டச் சொல்லுறன். இப்பவே போய்ச் சொல்லுறன். பிழை என்னில எண்டு."

"வேண்டாம். ஏழு வருசத்துக்கு முந்தி ஒருக்கா அவரை மண்ணுக்குள்ள தாட்டாச்சு. இந்தச் சனத்துக்கு முன்னால திரும்பவும் புதைக்க எனக்கு ஏலாது." மேலங்கியைப் போட்டுக்கொண்டார். "இனி வேரா எண்டு கூப்பிடு. எல்லாரும் கூப்பிடுற மாதிரி. லேசு."

அன்றிலிருந்து நான் வேரா என்று கூப்பிட்டேன். முதல் சில நாட்கள் நாக்கு தடுக்கியது. பங்குனி அளவில் பழகிவிட்டது. அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை, அது பழகிய வேகத்தை. ஆவணியில் நான் ஓர்ஹூஸுக்குப் படிக்கப் போனேன். கடைசி நாள் வேரா கைகொடுத்து என் சொந்தப் பெயரைச் சொல்லி வழியனுப்பினார், டெனிஷ்காரர் உச்சரிக்கிற மாதிரியே.

அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. விரிப்புகள் வேறு நகரத்துக்குப் போகின்றன. அங்கே உடுப்புகளில் பெயர் ஒட்டுவதில்லையாம். சட்டைத் தையலுக்குள் ஒரு பொத்தான் அளவில் ஏதோ வைக்கிறார்கள், கதவைத் தாண்டும்போது இயந்திரமே பார்த்துப் பிரிக்கிறது. இரண்டு கிர்ஸ்டன் யென்சன்மாரின் இரவுச்சட்டையும் இனி மாறாது. ஒருவரும் யாருடைய பெயரையும் வாசிக்கத் தேவையில்லை.

போன கார்த்திகையில் அப்பாவைக் கண் சோதனைக்கு விபோர்க் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கண்ணுக்கு மருந்து விட்டு, கருமணி விரியும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். எதிர்வரிசையில் சாம்பல் மேற்சட்டையோடு ஒரு பெண், மடியில் கைப்பை. தலைமயிர் முழுக்க வெள்ளை. எனக்கு அடையாளம் பிடிபடுவதற்கும் கதவு திறப்பதற்கும் சரியாக இருந்தது.

"வேரா?" என்றாள் தாதி. சத்தமாகக்கூட இல்லை.

அந்தச் சொல் முடியுமுன் அவர் எழும்பிவிட்டார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, சிரித்த முகத்தோடு, வெகுகாலம் அந்தப் பெயரில் மட்டுமே வாழ்ந்தவர்போல. என்னைக் கடக்கும்போது கண்டார். நின்றார். என் வாயில் இரண்டு பெயர் இருந்தது. பத்து வருடம் இருந்தது. சொல்லியிருந்தால் பகிடி பண்ண அங்கே யாரும் இல்லை.

"ஹை, வேரா," என்றேன்.

அவர் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். அப்பா மருந்து விட்ட கண்ணைச் சுருக்கி அந்தப் பக்கம் பார்த்தார். அவருக்கு எல்லாம் புகையாகத்தான் தெரிந்திருக்கும். எங்கள் ஆட்களில் யாரோ என்று நினைத்துவிட்டார்.

"ஆர் பிள்ளை உது? ஆற்ற மகள்?"

"நிக்கொலாயின்ர மகள், அப்பா," என்றேன். கதவு அதற்குள் மூடியிருந்தது.